ஸ்காபரோவை விட்டுப் போன கமக்காரன்

ரொறன்ரோவில் எங்கள் சனம் கலியாணம் பேசத் தொடங்கினால், சாதகம் பார்ப்பதற்கு முன்னால் என் அக்காவுக்குப் போன் எடுக்கும். மாப்பிள்ளை இன்ன ஊர், தகப்பன் இன்னார், கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கோ என்று கேட்பார்கள். அக்கா ஸ்காபரோவில் தன் அப்பாட்மென்றின் பல்கனிப் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, லண்டனுக்கு அடிப்பார், பாரிசுக்கு அடிப்பார், கடைசியாக யாழ்ப்பாணத்தில் யாரோ ஒரு பால்காரருக்கு அடிப்பார். பின்னேரத்துக்குள் பதில் வந்துவிடும். மாப்பிள்ளையின் பாட்டன் யாரோடு வேலி வழக்குப் பேசினார், தாயின் தமக்கை ஏன் கட்டாமல் இருந்துவிட்டார், எல்லாம் வரும். இதற்கு அக்கா ஒரு சதமும் வாங்குவதில்லை. அவருக்கு அது தொழில் இல்லை, ஊழியம்.

நான் வீடு விற்கிறவன். பஸ் தரிப்பிட வாங்குகளில் கோட் போட்டுக்கொண்டு சிரிக்கிற முகங்களைப் பார்த்திருப்பீர்கள், அதில் ஒன்று என்னுடையது. சனம் என் முகத்தின் மேல் இருந்துதான் பஸ் பார்க்கிறது. அதற்காக எனக்கு மரியாதை இல்லை என்று சொல்லமுடியாது, ஆனால் அக்காவுக்கு உள்ளதில் கால்வாசியும் இல்லை.

என் மனைவி போய்ச் சேர்ந்தபோது மகள் இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. அவளை வளர்த்தது அக்காதான். தலை இழுத்ததும் அவர், காய்ச்சலுக்கு இரவிரவாக முழித்திருந்ததும் அவர், கணக்குப் பாடத்துக்கு அடித்ததும் அவர். நான் பெயருக்குத் தகப்பன். ஆகவே, மகள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்து, தான் ஒரு பெடியனைக் கட்டப்போவதாகவும், அவன் வெள்ளைக்காரன் என்றும், மோர்மன் சமயம் என்றும் சொன்னபோது, என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பெடியன் குடிப்பதில்லை, சிகரெட் இல்லை, நல்ல உத்தியோகம். மருமகனோடு இருந்து ஒரு பியர் குடிக்கலாம் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன், அந்தக் கனவு போனதுதான் ஒரே கவலை.

அக்கா இடியப்பத்தைப் பிய்த்தபடி கேட்டார். "எந்த ஊராம்?"

"மாமி, ஹீ இஸ் ஃப்ரம் ஹியர். கனடா."

"கனடா எண்டால் ஊரோ? நான் வெள்ளை வேண்டாமெண்டு சொல்லேல்லை. வேதக்காரர் வேண்டாமெண்டும் சொல்லேல்லை. விசாரிக்காமல் பொம்பிளை குடுக்கேலாது. அவ்வளவுதான்."

மகளும் விடவில்லை. மாமி ஓம் என்று சொல்லாமல் கட்டமாட்டேன், ஆனால் இவனைத் தவிர வேறு யாரையும் கட்டவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். இந்தப் பிடிவாதம் என் பக்கத்தால் வந்ததல்ல. வளர்த்தவருடைய பிடிவாதம்.

அடுத்த சில நாட்கள் அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாருக்கு அடிப்பது? வெள்ளைக்காரப் பெடியனுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா எந்த நாட்டில் இருப்பார்? எந்தப் பால்காரரைக் கேட்பது? கடைசியில் வேறு வழியில்லாமல் என்னை அனுப்பினார். நான் பெடியனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கோப்பிக் கடையில் இருத்தி, அவன் கோப்பியும் குடிக்கமாட்டான் என்பதை அங்கேதான் அறிந்து, ஒரு சூடான சொக்கலேற் வாங்கிக் கொடுத்து, உன் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லு என்றேன். கோபிப்பான் என்றுதான் நினைத்தேன். அவனுக்கு முகமெல்லாம் வெளிச்சம் வந்துவிட்டது.

மோர்மன்களுக்கு முன்னோரைத் தேடிப் பிடிப்பது சமயக் கடமையாம். எங்கள் ஆட்கள் கோயிலுக்கு நெய் விளக்கு ஏற்றுகிற மாதிரி அவர்கள் பூட்டன் கொப்பாட்டன் பெயர்களைச் சேர்க்கிறார்கள். அவனுடைய தாயின் பாட்டனுக்குப் பாட்டன் ஒரு கமக்காரன், தோட்டம் செய்தவர். ஊர் ஊராக வந்த ஒரு போதகரின் பேச்சைக் கேட்டு இந்தச் சமயத்தில் சேர்ந்து, பெண்சாதி பிள்ளைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, அமெரிக்காவின் மேற்குப் பாலைவனம் வரைக்கும் நடந்தே போனவர். வழியில் ஒரு பிள்ளை செத்துப்போனது. அங்கே வாய்க்கால் வெட்டி, உப்பு நிலத்தைக் கிண்டி, கோதுமை விளைத்தார். அவருடைய பிள்ளைகளின் பிள்ளைகள் திரும்பவும் வடக்கே ஏறி அல்பேர்ட்டாவுக்கு வந்தார்கள். பெடியனின் தாய் அங்கிருந்து வேலைக்காக இங்கே வந்தவர். கணவர் இல்லை. இப்போது பக்கத்து நகரமான பிறம்ரனில் இருக்கிறார்.

"முதல் எங்கேயிருந்து போனவர்?" என்று கேட்டேன்.

"ஸ்காபரோவிலிருந்து" என்றான்.

எனக்குக் கோப்பி புரையேறியது. ஸ்காபரோவில் ஒரு தோட்டத்தை விட்டுவிட்டு ஒரு மனிதன் பாலைவனத்துக்குப் போயிருக்கிறான்! அந்தக் காணியை மட்டும் வித்துத் தின்னாமல் வைத்திருந்தால் அவன் பரம்பரைக்கு இன்றைக்கு என்னைப் போன்றவர்கள் கதவு திறந்துவிட வரிசையில் நின்றிருப்பார்கள். அன்றிரவு நித்திரை வரவில்லை. செத்துப்போன ஒருவன்மேல் அப்படிக் கோபம் வந்தது எனக்கு அதுதான் முதல்தரம்.

அக்காவுக்கு நான் செய்தி சொன்னபோது, ஸ்காபரோ என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து இருந்தார்.

"ஸ்காபரோவிலை எந்தப் பக்கம்?"

"தெரியாதாம்."

"காணி எவ்வளவு?"

"அதுவும் தெரியாது. பெரிய தோட்டமாய்த்தான் இருக்கும்."

"கமக்காரர். காணிகாரர்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். "பிறகேன் வித்தவை? காணி விக்கிற குடும்பம் நல்ல குடும்பமில்லை. தாயை வரச் சொல்லு."

பெடியனின் தாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். உயர்ந்த மனுசி, காதில் ஒன்றும் இல்லை, கையில் சுருட்டிய பெரிய கடதாசி. அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். மேசை போதவில்லை, கதிரையைப் போட்டு நீட்டினோம். பெயர்களும் கோடுகளுமாய் ஒரு பெரிய மரம். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். தன் வாழ்நாள் முழுவதும் போனில் தேடிய ஒன்றை யாரோ படமாய்க் கீறிக் கொண்டுவந்து வைத்ததைப் பார்த்த முகம் அது. இருவருக்கும் பொதுவான பாஷை இல்லை. அக்காவின் இங்கிலிஷ் பஸ்ஸுக்கும் டொக்டருக்கும் மட்டும் போதும். ஆனாலும் இவர் விரலை வைப்பார், அவர் சொல்லுவார், மகள் தமிழில் மாற்றுவாள், அக்கா அடுத்த கேள்வியை ஏற்கெனவே கேட்டுவிட்டிருப்பார்.

கமக்காரனின் பெயரிலிருந்து இரண்டு கோடுகள் போயின. அக்கா அதில் விரலை ஊன்றினார். பெடியனின் தாய் சிவந்து போய், அந்தக் காலத்தில் எங்கள் சனத்துக்குள் சிலர் ஒன்றுக்கு மேல் கட்டினார்கள், இப்போது அது இல்லவே இல்லை, கட்டினால் சமயத்தை விட்டே தள்ளிவிடுவார்கள் என்றார். 

"இவன் எந்தத் தாயின்ரை வழி?" என்று கேட்டார் அக்கா.

"இரண்டாவது."

"மூத்தவள் இருக்கவோ, செத்த பிறகோ?"

"இருக்க."

அக்கா யோசித்தார். "முருகனுக்கு ரெண்டு எண்டால் ஒரு நியாயமிருக்கு, அவர் சாமி. வாய்க்கால் வெட்டுற மனிசனுக்கு நேரம் எங்கால கிடைச்சது?" என்றார். மகள் இதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

பெடியனின் தாய் மரத்தின் மற்றப் பக்கத்தைக் காட்டினார். அங்கே என் மகளின் பெயர் எழுதி, அதற்கு மேலே வெறும் பெட்டிகள். எங்கள் முன்னோரையும் எழுதவேண்டும், என்ன செய்தார்கள், எங்கே இருந்தார்கள் என்று ஆசையாகக் கேட்டார். நான் வழக்கம்போல, "பிசினஸ்" என்றேன். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்துப் பதில் அதுதான். அக்கா எழும்பிக் குசினிக்குப் போனார்.

வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார். விடியவே எழும்பி உழுந்து அரைத்தவர். பெடியனின் தாய் சிரித்துக்கொண்டு, வேண்டாம் என்றார். கோப்பி? வேண்டாம். பழ யூஸ்? வேண்டாம். தண்ணி? நன்றி, வேண்டாம். பெடியனும் தாயைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான். வடைத் தட்டம் மேசையில் அந்த மரத்தின்மேல் இருந்தது. அவர்கள் போகும் வரைக்கும் அக்கா அதைப் பார்த்தபடியே இருந்தார்.

கதவு சாத்தியதும் சொன்னார். "வேண்டாம் இந்தச் சம்பந்தம்."

"ரெண்டு பெண்சாதிக்கோ?"

"எங்கட வீட்டிலை வாய் நனைக்கேல்லைத் தம்பி. ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கேல்லை."

இதை விளங்காதவர்களுக்கு விளக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் சில வீடுகளில் மற்ற ஆட்கள் தண்ணி குடிக்கமாட்டார்கள். வருவார்கள், முற்றத்தில் நின்று கதைப்பார்கள், வேலை சொல்லுவார்கள். தேத்தண்ணி நீட்டினால், இப்பதான் குடிச்சிட்டு வாறன் என்று சிரிப்பார்கள். சாதிதான் காரணம். எங்கள் வீடு அப்படியான வீடு. நான் சின்னவன், எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். அக்காவுக்கு அப்போது தேத்தண்ணி நீட்டுகிற வயது. நீட்டிய கை.

நான் கத்தினேன். இது கனடா, அந்த மனுசிக்கு எங்கள் சாதி எங்கே தெரியப்போகிறது, தேத்தண்ணி கோப்பி அவர்களுடைய சமயத்தில் இல்லை என்று சொன்னேன்.

"அங்கையும் சமயம் எண்டுதான் சொன்னவை" என்றார் அக்கா. "காணிகாரருக்கு எல்லா ஊரிலும் ஒரே பழக்கம். தண்ணிகூடவோ சமயத்திலை இல்லை?"

அந்தக் கேள்விக்குப் பதில் பெடியனிடம் இருந்தது. மகள் அழுது வீங்கிய முகத்தோடு போய்க் கேட்க, அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாசம். சோறில்லை, தண்ணியும் இல்லை. அதை வெளியே சொல்லிக்கொண்டு திரியவும் கூடாதாம்.

அக்காவால் நம்பமுடியவில்லை. அவர் கந்தசஷ்டி விரதம் பிடித்தால் அது மொன்றியல் வரைக்கும் தெரியும். "சொல்லாமல் விரதம் பிடிச்சால் ஆருக்குத் தெரியும்?"

"கடவுளுக்குத் தெரியும் மாமி."

"கடவுளுக்குத் தெரிஞ்சு என்ன, வடை சுட்டவளுக்கெல்லோ தெரியவேணும்!"

கோபம் போய்விட்டது. அக்கா சிரித்துக்கூட விட்டார். ஆனால் ஓம் சொல்லவில்லை. மகள் போன பிறகு, பல்கனிக் கதிரையில் இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவ அந்தப் பெட்டியளை நிரப்பாமல் விடமாட்டா. என்னைப்போல ஆள். கேட்டுக்கொண்டே இருப்பா. நாங்கள் ஆரெண்டு தெரிஞ்சாப் பிறகு அவை வேண்டாமெண்டு சொல்லுறதைப் பிள்ளை கேக்கக்கூடாது. அதுக்கு முதல் நான் வேண்டாமெண்டு சொல்லுறன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு காலமும் ஊர் முழுவதையும் விசாரித்த அக்காவை யாருமே விசாரித்ததில்லை. கேள்வி கேட்கிறவரைப் பார்த்து யார் கேள்வி கேட்பார்கள்? அந்தக் கதிரையைவிடப் பாதுகாப்பான இடம் எங்கள் சனத்துக்குள் வேறு கிடையாது.  அக்கா, நீங்கள் சரியான ஆள்தான் என்று எனக்கு ஒரு பெருமையும் வந்தது.

இதற்கிடையில் நான் கமக்காரனின் தோட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் காணியை விட்டுப் போன மடையன் எந்த மூலையை விட்டான் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெடியனுக்குத் தெரியாவிட்டாலும், தாயின் வீட்டில் பரம்பரையாகச் சொல்லி வந்தது, ஓடைக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவில் என்பதுதான். பழைய காணி எல்லைகளில் கொஞ்சம் பரிச்சயம் உண்டு, தொழில் அப்படி. கல்லறை இன்னும் இருக்கிறது. ஓடையைக் குழாய்க்குள் விட்டுவிட்டார்கள். நடுவில் இருப்பது எங்கள் பிளாசா. ஒரு சேலைக்கடை, ஒரு நகைக்கடை, வரி நிரப்புகிற இடம் ஒன்று, நாங்கள் கிழமைக்கொரு தரம் கொத்துரொட்டி வாங்குகிற ரேக்-அவுட்.

பெடியனின் தாய்க்குச் சொன்னதும் அந்தச் சனிக்கிழமையே பார்க்கவேண்டும் என்று நின்றார். அக்கா வரமாட்டேன் என்றார். பிறகு, தோட்டம் எந்தப் பக்கமென்று பார்க்காமல் இருக்க முடியாமல், செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து காரில் ஏறினார். விசாரணைக் குணம் விடாது.

பிளாசாவின் கார் தரிப்பிடத்தில் ஒரு இடமும் இல்லை. சுற்றிச் சுற்றி வந்து, ஒருவரோடு சண்டை பிடித்து, ஒரு இடம் எடுத்தேன். பெடியனின் தாய் இறங்கினார். வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். கொத்து அடிக்கிற சத்தம் கேட்டது. யாரோ கோர்ன் அடித்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து தாரைத் தொட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்று தெரியாது.

"இவ்வளவு காணியையும் விட்டுப்போட்டுப் போக மனம் எப்படி வந்தது?" என்று கேட்டேன். பல கிழமையாக அடக்கி வைத்திருந்த கேள்வி.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "அவருடைய காணி இல்லையே" என்றார். "அவருக்குச் சொந்தமாக ஒரு அடி நிலமும் இருக்கவில்லை. வேறொருவருடைய தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்தவர். எழுதப் படிக்கவும் தெரியாது. தேவாலயத்தில் பின் வாங்கில்தான் இருக்க விடுவார்களாம். அதுதான் போனார்."

சொல்லும்போது அவர் குரல் கொஞ்சமும் தணியவில்லை. பக்கத்துக் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பெருமையாகச் சொன்னார். மகள் தமிழில் சொல்லத் தொடங்கினாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். விளங்கிவிட்டது. அது அவருடைய சொந்தக் காணியோ என்று நாங்கள் கேட்கவேயில்லை. ஒரு குடும்பம் தன் கொப்பாட்டனை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தால் அவன் காணிகாரனாகத்தான் இருப்பான் என்று நானும் அக்காவும் முடிவே கட்டியிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து ரேக்-அவுட்டிலிருந்து பார்சலோடு வந்தார் ஒருவர். கலியாணம் பேசுகிறவர், கிழமையில் பாதிநாள் அக்காவோடு போனில் இருப்பவர். "அக்கா, என்ன இஞ்சை? இதார் வெள்ளைக்காரர்?" என்று பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். பெடியனைப் பார்த்து, பழக்கதோஷத்தில், "தம்பி எந்த ஊர்?" என்றார். மகள் மொழிபெயர்க்க, பெடியன் நிலத்தைக் காட்டி, "ஹியர்" என்றான்.

பெடியனின் தாய் என் பக்கம் திரும்பினார். "உங்கள் பாட்டனார் என்ன பிசினஸ் செய்தார்?"

நான் வாயைத் திறந்தேன். ஏற்றுமதி என்றோ என்னவோ வரப்போனது.

"பொய் சொல்லாதை" என்றார் அக்கா. பிறகு மகளைப் பார்த்தார். "சொல்லு பிள்ளை. எங்கட அப்பப்பா பனை ஏறினவர். கள்ளுச் சீவினவர். ஆரின்ரையோ காணி, ஆரின்ரையோ பனை."

பார்சல்காரர் அசையாமல் நின்றார். மகளுக்கே இது புதிது. கண் இரண்டும் விரிய, தட்டுத் தடுமாறி இங்கிலிஷில் சொன்னாள். மரத்தில் ஏறுவார், மேலே பாளையைச் சீவுவார், அதிலிருந்து வருவது, அது வந்து, அல்கஹோல். தேத்தண்ணிகூடத் தொடாத அந்த மனுசி என் மகளையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்தபடி நின்றார். என் மகளின் கலியாணம் அந்த முகத்தில் இருந்தது.

"எவ்வளவு உயரம்?" என்று கேட்டார் பெடியனின் தாய்.

அக்கா அண்ணாந்து கார் தரிப்பிடத்து விளக்குக் கம்பத்தைக் காட்டினார். "உதைவிட உயரம். விடியவும் பின்னேரமும். ஒரு மரமில்லை, எத்தினையோ மரம்."

"கயிறு இல்லாமலா?"

"காலிலை மாட்டுற தளைநார். அவ்வளவுதான்."

பெடியனின் தாயும் அண்ணாந்து பார்த்தார். பெடியனும் பார்த்தான். பார்சல்காரர் ஒருவர்தான் நிலத்தைப் பார்த்தார். பிறகு கொத்து ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டு விலகினார். அக்கா அவரைக் கூப்பிட்டார். "நான்தான் சொன்னதெண்டு சொல்லும். பிழையாய்ச் சொல்லிப்போடாதையும்."

நாங்கள் பெரிய தெருவுக்கு ஏற முன்னமே அக்காவின் போன் அடித்தது. எடுத்தார். மறுபக்கத்தில் ஒரு பெண்குரல் சுற்றி வளைத்து என்னவோ கேட்டது. பின்சீற்றில் மகள் முன்னுக்குச் சாய்ந்து காது கொடுத்தாள். நான் சிவப்பு விளக்கில் நின்றேன்.

"ஓம், உண்மைதான்" என்றார் அக்கா. "என்ரை சொந்த அப்பப்பா. இன்னும் என்ன தெரியவேணும், கேளும். கலியாணமோ? ஓம், எங்கட பிள்ளைக்குத்தான். ஆவணியிலை."